மெமரி போதவில்லை!
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

"மெமரி பிராப்ளம்" பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் முன்வரிசையில் சிலர் தலையைத் தடவிக்கொண்டார்கள். பயப்பட வேண்டாம். நம்ம வயதில் வருகிற மறதியைப் பற்றி அல்ல. டிராயிங் போடும் கம்ப்யூட்டர் திணறுவதைப் பற்றித்தான்.

1982 டிசம்பரில் ஆட்டோகேட் முதல் பதிப்பு வந்தது. அன்றைய ஐ.பி.எம். பி.சி.யின் சிப்புக்கு 1 எம்.பி. வரைதான் எட்டும். அதில் 384 கே.பி. திரைக்கும் மற்ற உறுப்புகளுக்கும் ஒதுக்கியது போக மிச்சம் 640 கே.பி. அதற்குள்ளேயே டாஸ், மென்பொருள், நம் டிராயிங் எல்லாம் ஒண்டுக் குடித்தனம்! பிறகு 32-பிட் விண்டோஸ் வந்தது. ஒரு மென்பொருளுக்கு வழக்கமாகக் கிடைத்தது 2 ஜி.பி. மேலும் ரேம் வாங்கிப் போட்டாலும் அந்த வேலி நகராது. ஆட்டோகேட் 2008 பதிப்பில்தான் 64-பிட் கிடைத்தது. 2020 பதிப்பிலிருந்து 32-பிட்டே கிடையாது. வேலி போய்விட்டது. ஆனால் "மெஷின் தூங்குது சார்" என்ற புகார் மட்டும் போகவில்லை. ஏன்?

ஒரு நிகழ்ச்சி சொல்கிறேன். 2006-ல் ஒரு டிசைன் அலுவலகத்திற்கு ஆலோசனைக்காகப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். டிப்ளமோ முடித்த ஒரு பெண் அங்கே டிராஃப்டிங் வேலையில் இருந்தாள். கொஞ்ச நாளாக அவள் மெஷின் பாதியில் நின்றுவிடும். டிராயிங் நேரத்துக்குப் போகவில்லை. "அவளுக்கு வேலை வராது சார், மாசக் கடைசியில் அனுப்பிடலாம்னு இருக்கோம்" என்றார் மேலாளர். அவள் சம்பளத்தில்தான் தம்பி படித்துக்கொண்டிருந்தான்.

நான் அந்தப் பெண்ணை ஒன்றும் கேட்கவில்லை; டிராயிங்கைக் கேட்டேன். 18 எம்.பி. இருந்தது. திரையில் தெரிந்ததோ ஒரு சாதாரண ஷெட்! அந்த அலுவலகத்தில் ஒவ்வொரு புது வேலைக்கும் பழைய டிராயிங்கைத் திறந்து, வேண்டாததை அழித்து, வேறு பெயரில் சேவ் செய்வது வழக்கம். கோட்டை அழித்தால் கோடு போய்விடும். ஆனால் பிளாக், லேயர், லைன்டைப் ஆகியவற்றின் வரையறைகள் கோப்புக்குள்ளேயே தங்கிவிடும். வீட்டைக் காலி செய்தவர்கள் பரணை மறந்த கதை! பல வருஷத்துப் பரண் அவள் தலையில் இறங்கியிருந்தது. பத்து நிமிடம் வேலை செய்தோம். 2 எம்.பி. ஆயிற்று. மெஷின் ஓடியது. அவள் வேலையும் தப்பியது.

அந்தப் பத்து நிமிட வைத்தியம் இதுதான்:

1. முதலில் ஒரு நகல் எடுத்துக்கொண்டு, 'ஆடிட்' கொடுத்துப் பிழைகளைத் திருத்துங்கள். கோப்பு திறக்கவே மறுத்தால் 'ரெகவர்'.

2. அடுத்து 'பர்ஜ்'. பயன்படாத வரையறைகளை மட்டுமே இது நீக்கும், வரைந்ததைத் தொடாது. ஒன்றுக்குள் ஒன்றாக இருப்பவை இருக்கும், ஆகவே இரண்டு மூன்று முறை கொடுங்கள். 'ரெக்ஆப்' என்ற ஒட்டுண்ணிகளை நீக்க, பர்ஜ் முன்னால் ஒரு மைனஸ் குறி போட்டு, கட்டளை வரியில் கேட்க வேண்டும்.

3. ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும் கோடுகளுக்கு 'ஓவர்கில்'.

4. ஹாட்ச்சை 'எக்ஸ்ப்ளோட்' செய்யாதீர்கள். ஒரே பொருளாக இருந்தது ஆயிரக்கணக்கான துண்டுக் கோடுகளாகச் சிதறும். பர்ஜ் இதற்கு உதவாது. அழித்துவிட்டு மறுபடி ஹாட்ச் போடுவதே வழி.

5. அடுத்தவர் டிராயிங்கை அப்படியே ஒட்டாமல் 'எக்ஸ்ரெஃப்' ஆக இணையுங்கள்.

6. மெமரி போதவில்லை என்று செய்தி வந்தால், இருக்கிற ஒரே கோப்பின்மேல் சேவ் செய்யவே கூடாது. வேறு பெயரில் சேவ் செய்துவிட்டு வெளியே வாருங்கள். .பேக் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

இதற்குப் பிறகும் திணறினால் ரேம் வாங்கலாம். வைத்தியத்திற்கு முன்பே வாங்கினால் பரணைப் பெரிதாக்கியது போலத்தான்.

இங்கே இருப்பவர்களில் பலர் இன்று நாலு பேருக்கு மேலதிகாரிகள். "அவனுக்கு வேலை வராது" என்று எழுதுவதற்கு முன்னால் அவன் கையில் நாம் கொடுத்த கோப்பு எத்தனை எம்.பி. என்று ஒரு தடவை பாருங்கள். நம் கல்லூரி ஆய்வகத்திலும் கோடு போடக் கற்றுக்கொடுக்கும் அதே வாரத்தில் கோப்பைத் துப்புரவு செய்யவும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று பேராசிரியர்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். செலவில்லாத பாடம், ஒரு வேலையையே காப்பாற்றும்.

சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது, உங்கள் மெமரியையும் நிரப்பக் கூடாது.