பிள்ளைக்கு எந்த வாத்தியம்?

(தொலைக்காட்சி அரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சாலாக் செலாத்தானில் ஓர் அடுக்குமாடி வீடு என்று வைத்துக்கொள்வோம். தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் மகள், "அம்மா, நானும் மியூசிக் கிளாஸ் போறேன்" என்கிறாள். அம்மாவுக்கு மகிழ்ச்சி. அப்பா உடனே கைத்தொலைபேசியை எடுத்து, பக்கத்தில் கீபோர்டு வகுப்பு எங்கே இருக்கிறது, மாதம் எத்தனை வெள்ளி என்று தேடுகிறார். தோட்டத்தில் வளர்ந்த தாத்தா மட்டும் ஓரமாக உட்கார்ந்து, "பிள்ளைக்கு எந்தச் சத்தம் பிடிக்கும்னு கேட்டீங்களா?" என்கிறார். யாரும் கேட்கவில்லை.

பெரும்பாலான வீடுகளில் வாத்தியம் இப்படித்தான் முடிவாகிறது. வகுப்பு பக்கத்தில் இருக்கிறது, பக்கத்து வீட்டுப் பிள்ளை போகிறது, லண்டன் தேர்வு வாரியத்தின் சான்றிதழ் கிடைக்கும். இவை தவறான காரணங்கள் அல்ல. வேலைக்குப் போகும் பெற்றோர் மாலை நெரிசலில் எவ்வளவு தூரம்தான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அலைய முடியும்? ஆனாலும் எட்டாம் படிநிலை வரை தேர்வு எழுதித் தேறிய எத்தனையோ பிள்ளைகளின் வீட்டில் அந்தக் கீபோர்டு இன்று துணி மூடிக் கிடக்கிறது. சான்றிதழ் சட்டம் போட்டுச் சுவரில் தொங்குகிறது. எஸ்.பி.எம். ஆண்டில் வகுப்பு நின்றது, அதோடு வாசிப்பும் நின்றது. தேர்வைத் தவிர அந்தப் பிள்ளை வாசிப்பதற்கு வேறு இடமே இருக்கவில்லை என்பதுதான் காரணம்.

ஆகவே, வாத்தியத்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டியது, எது சுலபம் என்பதல்ல. கற்ற பிறகு இந்தப் பிள்ளை அதை எங்கே, யாரோடு வாசிக்கும் என்பதுதான்.

இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாத்தியமாகப் பார்க்கலாம்.

வயலினை எடுத்துக்கொள்ளுங்கள். இது ஐரோப்பாவிலிருந்து வந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) சென்னைப் பக்கம் இருந்தபோது வெள்ளைக்காரர் ஒருவரிடம் கற்று, அதை நம் இசைக்கு ஏற்றவாறு பழக்கினார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் அதைக் கையாண்டார். இருநூறு ஆண்டுகளில் வயலின் இல்லாத கச்சேரியே இல்லை என்றாகிவிட்டது. பாடகருக்குப் பக்கவாத்தியம் என்றால் அதுதான். எனவே வயலின் கற்ற பிள்ளைக்குத் துணை தேடி அலைய வேண்டியதில்லை. பாடத் தெரிந்த ஒருவர் இருந்தால் போதும். கால், அரை, முக்கால், முழு அளவு என்று பிள்ளையின் கைக்கு ஏற்ற வயலினும் கிடைக்கிறது. கடினம் என்னவென்றால், விரல் வைக்க வேண்டிய இடத்தைக் காட்டும் கட்டை எதுவும் அதில் இல்லை. காதுதான் வழி. முதல் ஆண்டு வீட்டிலிருப்போரின் பொறுமையும் சேர்த்துத்தான் சோதிக்கப்படும். இன்னொன்று, மேற்கத்திய வயலின் படித்த பிள்ளை கர்நாடக வகுப்புக்கு வந்தால் உட்காரும் முறையே மாறிவிடும். தரையில் சம்மணமிட்டு, வயலினின் தலைப்பகுதியை வலது பாதத்தில் தாங்க வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்குவது பிள்ளைக்குப் பாரம்.

வீணை வேறு விதம். 24 மெட்டுகள், வாசிக்க நான்கு தந்திகள், தாளத்துக்கு மூன்று. எந்த மெட்டை அழுத்தினாலும் சுரம் வந்துவிடுவதால் தொடக்கம் வயலினை விட இனிமை. ஆனால் மெட்டுகள் மெழுகின்மேல் பதிக்கப்பட்டவை. நாளடைவில் அவை இடம் பெயர்ந்தால் பிரித்து மெழுகு கட்ட வேண்டும். அதைச் செய்யத் தெரிந்தவர் இந்தப் பள்ளத்தாக்கில் யார் என்பதை வாங்கும் முன்பே ஆசிரியரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. மாலை ஐந்தரை மணிக் கொமுட்டரில் வீணையோடு ஏறுவதை நினைத்துப் பாருங்கள். வீட்டில் ஒன்று, வகுப்பில் ஒன்று இருந்தால்தான் சரிப்படும். ஆயினும் தனியாக அமர்ந்து தனக்காக வாசித்துக்கொள்ள, கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு, இதைவிட நல்ல துணை கிடையாது.

புல்லாங்குழல் மலிவு, பையில் அடங்கும். எட்டு விரல் துளைகளை மூட விரல் நீளம் வேண்டும் என்பதால் சிறு பிள்ளைக்கு உயர்ந்த சுருதியில் உள்ள சின்னக் குழலே ஏற்றது. வாரக்கணக்கில் காற்று மட்டுமே வரும், நாதம் வராது. அங்கேதான் பலரும் கைவிடுகிறார்கள்.

மிருதங்கம் ஆண் பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டதாக இன்னும் சிலர் நினைக்கிறார்கள். அப்படி எந்த விதியும் இல்லை. பரதநாட்டிய வகுப்புகள் நிறைந்த இந்தப் பள்ளத்தாக்கில் அரங்கேற்றம்தோறும் மிருதங்கம் தேவை. ஆக, இதைக் கற்ற பிள்ளைக்கு மேடை உண்டு. இடது பக்கமான தொப்பியில் ரவையைப் பிசைந்து ஒட்டுவதும், வாசித்து முடித்தபின் சுரண்டி எடுப்பதும்கூடப் பாடத்தில் சேர்த்திதான்.

கீபோர்டைக் குறைத்துப் பேசுவதாக யாரும் எண்ண வேண்டாம். சினிமாப் பாட்டு, பஜனை, பள்ளிக் கலை நிகழ்ச்சி எல்லாவற்றுக்கும் அது கைகொடுக்கிறது. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் கமகம் கட்டைகளில் வராது. அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை 1940இல் விலக்கி வைத்து, 1971இல்தான் மறுபடி அனுமதித்ததற்கு இதுவும் ஒரு காரணம். சுருதி வளைக்கும் சக்கரத்தைக் கொண்டு கீபோர்டிலேயே கர்நாடகக் கச்சேரி செய்யும் சத்யநாராயணன் போன்றோரும் உண்டு. பிள்ளை ராகம் பாடும் திசையில் போக விரும்புகிறதா, பாட்டுக்குழுவில் சேர விரும்புகிறதா என்பதைப் பொறுத்தது அது.

எங்கே கற்பது? சாலாக் செலாத்தான் நிலையத்தில் கொமுட்டர் ஏறினால் செப்புத்தே, மிட்வேலி, அடுத்து கே.எல். சென்ட்ரல். இறங்கினால் பிரிக்பீல்ட்ஸ். சுவாமி சாந்தானந்த சரஸ்வதி 1981இல் தொடங்கிவைத்த டெம்பள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் கலைக்கூடம் அங்கே இருக்கிறது. நடனத்தோடு வாய்ப்பாட்டு, வீணை, வயலின், மிருதங்கம், தபேலா என்று பல தலைமுறைப் பிள்ளைகள் அங்கே கற்றிருக்கிறார்கள். தனியாக வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களும் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் குறைவில்லை. ஆக, மேலே சொன்ன வாத்தியங்களுக்கு வழி இருக்கிறது.

வழி குறுகிக் கிடப்பது வேறோர் இடத்தில். பேச்சு இனி அங்கே வர வேண்டும்.

நம்மவர்களின் வாழ்க்கையில் மிக அதிகமாகக் கேட்கப்படும் வாத்தியம் எது? வயலினும் அல்ல, வீணையும் அல்ல. நாதஸ்வரமும் தவிலும்தான். திருமணத்தில் தாலி ஏறும் நேரம் கெட்டிமேளம் இல்லாமல் முடியுமா? கும்பாபிஷேகம், திருவிழா, சுவாமி புறப்பாடு, தைப்பூசத்தையொட்டி ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து பத்துமலை செல்லும் வெள்ளி ரதம் என எல்லாவற்றுக்கும் முன்னால் ஒலிப்பது அதுதான். ஆனால் பிள்ளைக்கு எந்த வாத்தியம் என்று வீட்டில் பேசும்போது, யாராவது நாதஸ்வரத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டதுண்டா?

வாசிக்கிறவர்களில் கணிசமானோர் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வேலை அனுமதியின்பேரில் வருகிறவர்கள். அவர்கள் நல்ல கலைஞர்கள், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது, எல்லைகள் மூடப்பட்டன. முழுமையாகத் திறந்தது 2022 ஏப்ரல் முதல் தேதி. கோயில்கள் அதற்கு முன்பே படிப்படியாகக் கதவு திறந்துவிட்டன, திருமணங்களும் சிறிய அளவில் நடந்தன. வெளியிலிருந்து புதிதாக ஒரு கலைஞரும் வர முடியாத நிலை அது. அப்போதுதான் பல வீடுகளில் கேள்வி எழுந்தது: இங்கே பிறந்த பிள்ளைகளில் இதை வாசிக்க எத்தனை பேர் இருக்கிறார்கள்? அந்த நேரத்தில் ஒலிநாடாவோ கைத்தொலைபேசியோ கெட்டிமேளம் கொட்டிய வீடுகள் உண்டு. தாலி ஏறியது, சடங்கு நடந்தது, ஆனாலும் ஏதோ குறைந்தது.

ஏன் கற்பதில்லை? வெளிப்படையாகச் சொல்ல வேண்டுமென்றால், இளக்காரம். "அது கோயில் வேலை செய்றவங்களுக்கு, நம்ம பிள்ளைக்கு எதுக்கு?" என்ற பேச்சு. அதற்குள்ளே சாதி ஒளிந்திருக்கிறது என்பதும் எல்லாருக்கும் தெரியும். இந்த இளக்காரத்தை எதிர்த்து வாழ்ந்தவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956). சட்டையின்றி நின்றும் நடந்தும் வாசிக்க வேண்டும் என்றிருந்த வழக்கத்தை மாற்றி, கிராப்பு வெட்டி, கோட்டு அணிந்து, மேடையில் அமர்ந்து வாசித்தவர். தாழ்ந்த சுருதியுள்ள நீளமான பாரி நாதஸ்வரத்தைப் பரவச் செய்தவரும் அவரே. ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்த ஷேக் சின்ன மௌலானா ஒரு முஸ்லிம். மதுரை பொன்னுத்தாய் ஒரு பெண். தவிலில் இன்றும் பேசப்படும் தட்சிணாமூர்த்தி (1933–1975) யாழ்ப்பாணத்துக்காரர். மங்களூர் கத்ரி கோபால்நாத், நாதஸ்வரக் கலைஞரின் மகன், சாக்சபோனைக் கையில் எடுத்து அதில் கர்நாடக இசையைக் கொண்டுவந்தார். இந்த வாத்தியம் யாருக்கு உரியது, யாருக்கு உரியதல்ல என்று கோடு கிழித்தவர்களுக்கு இவர்கள் எல்லாரும் பதில்.

இதே போன்றதொரு பேச்சு உறுமி மேளத்தைப் பற்றியும் உண்டு. "உறுமி அடிக்கிற பையனா? கூட்டாளிங்க சரியிருக்காது" என்பார்கள். சில குழுக்களின் நடத்தை அந்தப் பெயரை வாங்கித் தந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். எந்தச் சான்றிதழும் இல்லாமல், எந்தப் பெற்றோரும் பணம் கட்டாமல், இந்நாட்டு இளைஞர்கள் தாங்களாகவே கூடிக் கற்றுக்கொள்ளும் ஒரே தமிழ் வாத்தியம் உறுமிதான். தோலில் வளைந்த குச்சியைத் தேய்த்து அந்த உறுமலைக் கொண்டுவர மாதக்கணக்கில் பழகுகிறார்கள். வாசிக்க இடமும் கூடவே வாசிக்கத் தோழர்களும் இருந்தால் பிள்ளைகள் எதையும் கற்பார்கள் என்பதற்கு இது சாட்சி. அந்தக் கையைத் தவிலின் பக்கம் திருப்ப யாரும் முயற்சி எடுக்கவில்லை என்பதே குறை.

சரி, நாதஸ்வரம் கற்க முன்வரும் பிள்ளைக்கு நடைமுறைச் சிக்கல் என்ன? முதலில் சத்தம். திறந்த வெளிக்கென்று உண்டான வாத்தியம் அது. அடுக்குமாடியில் ஏழாம் மாடியில் உட்கார்ந்து ஊதினால், கீழ்வீட்டுச் சீனக் குடும்பமும் எதிர்வீட்டு மலாய்க் குடும்பமும் எத்தனை நாள் பொறுப்பார்கள்? பழகுவதற்குக் கோயில் மண்டபம்தான் இடம். பகலில் பூட்டிக் கிடக்கும் மண்டபத்தை வாரம் மூன்று நாள், ஒரு மணி நேரம் திறந்துவிட ஆலய நிர்வாகத்துக்கு எந்தச் செலவும் இல்லை. சாலாக் செலாத்தான் வட்டாரத்து ஆலயங்களுக்கும் இது பொருந்தும். இருக்கிற கலைஞரையே, அவர் எந்த நாட்டவராக இருந்தாலும், இரண்டு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்படி கேட்கலாம். அவருடைய ஊதியத்தில் அதற்கென்று ஒரு தொகை சேர்க்க வேண்டும். இலவசமாகக் கேட்பது நியாயமல்ல.

அடுத்தது சீவாளி. நாணலில் செய்யப்படும் இந்தச் சிறு ஊதுபகுதி தேய்ந்துகொண்டே போகும், அடிக்கடி மாற்ற வேண்டும். ஆச்சா மரத்தில் கடையப்படும் நாதஸ்வரமோ கும்பகோணம் பக்கத்து நரசிங்கம்பேட்டையிலிருந்து வருகிறது. 2022இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வாங்குவதற்கு முன் ஆசிரியர் கையில் கொடுத்து ஊதிப் பார்க்கச் சொல்ல வேண்டும். அழகுக்கு வாங்கிய நாதஸ்வரம் சுருதி சேராது. மூச்சுக்கட்டுக்கும் உதட்டுப் பிடிப்புக்கும் கொஞ்சம் உடல் வளர்ச்சி தேவை என்பதால், ஒன்பது வயதுப் பிள்ளை உடனே தொடங்க வேண்டியதில்லை. அதுவரை வாய்ப்பாட்டு கற்கட்டும். மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை பாடத் தெரிந்த பிள்ளைக்கு எந்த வாத்தியமும் பாதி தெரிந்த மாதிரி. தவில் பக்கம் போகிற பிள்ளைக்கும் அப்படித்தான். கையில் கழி பிடிக்கும் முன் சொற்கட்டுகளை வாயால் சொல்லித் தாளம் போடப் பழக வேண்டும்.

எல்லாப் பிள்ளைகளையும் நாதஸ்வரத்துக்கு அனுப்புங்கள் என்று சொல்வதற்கில்லை. பிடிக்காத பிள்ளையின் வாயில் சீவாளியைத் திணித்து ஆவது ஒன்றுமில்லை. ஆனால் பட்டியலிலேயே சேர்க்காமல் விடுவது வேறு விஷயம். வயலின் வகுப்பின் கட்டணத்தை விசாரிக்கும் அதே வாயால் இதையும் ஒரு தடவை விசாரிக்கலாம்.

அந்தச் சாலாக் செலாத்தான் வீட்டுக்குத் திரும்புவோம். தாத்தா கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. வகுப்பில் பெயர் பதியும் முன், வெள்ளிக்கிழமை மாலை மகளைக் கோயிலுக்கு அழைத்துப் போகட்டும். தீபாராதனை நேரத்தில் மேளக்காரர்கள் நிற்கும் பக்கமாக நிற்க வைக்கட்டும். மறுவாரம் பிரிக்பீல்ட்ஸுக்கு ரயிலேறி, ஆசிரியர் அனுமதித்தால் ஒரு வீணை வகுப்பையும் ஒரு மிருதங்க வகுப்பையும் வாசலில் நின்று கேட்கட்டும். எங்கே காதைப் பொத்திக்கொண்டாள், எங்கே முன்னால் நகர்ந்து போனாள் என்பதைத் தாத்தா கவனித்துக்கொள்வார்.