வன்னித் தெருவில் ஒரு பகல்

(மன்றக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



சென்ற ஆவணியில் ஒரு நாள், துவிச்சக்கரவண்டியிலே கிளிநொச்சியிலிருந்து மாங்குளம் சென்று, அங்கிருந்து கிழக்கே முல்லைத்தீவை அடைந்து, புதுக்குடியிருப்பு, பரந்தன் வழியாகப் பொழுதுபட வீடு திரும்பினோம். ஏறக்குறைய 130 கிலோமீற்றர். "திரும்பினோம்" என்று பன்மையிற் சொன்னாலும் வண்டி ஒன்று, ஆளும் ஒன்றுதான். துணைக்கு வருவதாகச் சொன்ன நண்பர்கள், விடியப்புறம் நாலரை மணிக்குப் புறப்பாடு என்றதும் பின்வாங்கிவிட்டார்கள். அவர்களிற் சிலர் இச்சபையில் வீற்றிருப்பதாற் பெயர் சொல்லோம்.

"இந்த வெயிலிலே அந்தப் பக்கம் பாலைவனமாகவல்லவோ கிடக்கும்" என்று வீட்டார் தடுத்தார்கள். மிஷன் பள்ளியிற் பயின்ற நமக்குப் பாலைவனம் என்றதும், மோசே கோலால் அடிக்கப் பாறையிலிருந்து தண்ணீர் புறப்பட்ட கதைதான் முன்னே வரும். பம்பாயிலிருந்து 1923-இல் சைக்கிளிலே உலகைச் சுற்றப் புறப்பட்ட பார்சி இளைஞர் அறுவரின் நினைவும் வந்தது. மெசப்பொத்தேமிய மணலையும் சீனாய் மணலையும் கடந்து 1928-இல் பயணத்தை நிறைவேற்றியவர்கள் அவருள் மூவரே.

வன்னி அத்தகைய மணற்பாலை ஆகாது. ஆண்டுக்கு 1,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் நாடு இது. ஆயின் அம்மழையிற் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியிலே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. வைகாசி தொடங்கிச் சோளகக் காற்று நிலத்தை உலர்த்துகிறது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டு வறண்டால் அதுவே பாலை என்று சிலப்பதிகாரம் சொல்லும். ஆவணியில் வன்னியைப் பார்த்தவருக்கு அதற்கு வேறு உரை வேண்டியதில்லை.

மாங்குளம் வரை தெற்கு நோக்கிய ஓட்டம். சோளகம் எதிர்த்து நின்றது. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் ஒரு சரை வாங்கிச் சட்டைப்பையில் இட்டோம். மாங்குளத்தில் இடப்புறம் திரும்பியதும் காற்று முதுகைத் தள்ளியது. வண்டி தானே ஓடியது. அதன்பின் காடு. இருபுறமும் பாலையும் வீரையும் முதிரையும். வீதியில் யானை இலத்தி கிடந்தது. ஆறு மணிக்குப்பின் இத்தெருவில் மிதிப்பவன் புத்திசாலியல்லன். நிழல் கண்டு காட்டினுள் ஒதுங்குவதும் யோசித்துச் செய்யவேண்டியது. வன்னியின் சில இடங்களில் மிதிவெடி அகற்றும் பணி இன்னும் முடியவில்லை.

தனியே மிதிப்பவனுக்குப் பேச்சுத்துணை ஊர்ப்பலகைகளே. ஒலுமடு, கரிப்பட்டமுறிப்பு, முத்தையன்கட்டு, தண்ணீரூற்று. திரும்பும் வழியிலே உடையார்கட்டு, விசுவமடு. மடு என்பது ஆழ்ந்த நீர்நிலை. கட்டு என்பது அணை. முறிப்பு என்பது குளக்கட்டு உடைத்துக்கொண்ட இடம். பெயர் வைத்த முன்னோர், "இங்கே நீர் உண்டு" என்றும் "இங்கே நீர் இருந்தது" என்றும் வழிப்போக்கனுக்கு எழுதிவைத்துப் போயிருக்கிறார்கள். ஒன்பது மணிக்கு நமது போத்தல் வெறுமையானபோது இவ்வாராய்ச்சியில் நமக்கு மிகுந்த ஊக்கம் பிறந்தது.

ஒட்டுசுட்டானுக்கு இப்பால் ஒரு வளவிலே கிணறு கண்டு இறங்கினோம். துலாக்கயிற்றைப் பிடித்த கையை வீட்டுக்கார ஆச்சி வந்து தடுத்தார். "உந்தத் தண்ணி குடிக்காதை மோனை. முகத்தைக் கழுவு. குடிக்கிறதுக்கு உள்ளே வாங்கின தண்ணி கிடக்கு, தாறன்" என்றார். ஐந்து லீற்றர்க் கலனிலிருந்து அளந்து ஒரு செம்பு தந்தார். அவருடைய கணவருக்குச் சிறுநீரக நோய்; வாரத்தில் இருநாள் வவுனியா ஆசுப்பத்திரிக்குப் போய் வருகிறாராம்.

1990களில் வடமத்திய மாகாணத்திலே முதலில் இனங்காணப்பட்ட நோய் இது. வன்னியின் விவசாயக் குடும்பங்களையும் விட்டுவைக்கவில்லை. கடின நீரா, புளோரைட்டா, வயலுக்கு இடும் நஞ்சா, வெயிலிலே உடல் வறளுவதா என்று அறிஞர் இன்னும் ஒருமுகப்படவில்லை. ஆச்சிக்கு அதுவரை காத்திருக்க நேரமில்லை. தண்ணீரூற்று என்று ஊருக்குப் பெயர் சூட்டிய நாட்டிலே, சொந்தக் கிணறு உள்ள கிழவி விலைக்கு வாங்கிய நீரை வழிப்போக்கனுக்கு வார்க்கிறாள். இரண்டாவது செம்பு கேட்க நமக்கு வாய் வரவில்லை. அவரோ கேளாமலே போத்தலை வாங்கி நிரப்பினார்.

ஒட்டுசுட்டான் தான்தோன்றீசுவரரை வெளியே நின்று வணங்கி, முல்லைத்தீவை அடையும்போது பதினொன்றரை. கடற்கரையிலே மீன்சோறு. இந்து இளைஞர் சஞ்சிகையில் இது அச்சாகுமோ அறியோம்!

வட்டுவாகல் தாண்டி முள்ளிவாய்க்கால் வழியே வரும்போது வண்டியை விட்டிறங்கி உருட்டினோம். 2009 வைகாசியில் அங்கே நடந்ததை இச்சபைக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. இங்குள்ள பெரியோர் பலர் அவ்வழியே நடந்து வந்தவர்கள்.

பின்னேர வெயில் முகத்தில், சோளகம் இடக்கன்னத்தில். விசுவமடுவில் முன்சில்லுக்குக் காற்றுப் போயிற்று. ஒட்டுப் போட்டுத் தந்த கடைக்கார ஐயா, 1990களின் பொருளாதாரத் தடையிலே வன்னி முழுவதும் சைக்கிளில் ஓடியதையும், சில்லைச் சுழற்றி டைனமோ மின்னில் வானொலி கேட்டதையும் சொன்னார். 2022-இல் பெற்றோல் இல்லாதபோது, பரணிலே கிடந்த சைக்கிள்கள் எல்லாம் அவர் கடைக்குத்தான் வந்தனவாம். நம்மிடம் காசு வாங்க மறுத்துவிட்டார். முரசுமோட்டையிலே சோளகத்தின் புழுதி போய் ஈரமண் வாசனை வந்தது. இரணைமடுத் தண்ணீர் பாயும் வயல்கள். குளமொன்று இருந்தால் அதே வெயிலில் அதே நிலம் எப்படி நிற்கும் என்பதைக் கால்கள் ஓய்ந்த அவ்வேளையிற் கண்டோம்.

சபையோரிடம் ஒரு விண்ணப்பம். கோயில் திருவிழாக்களுக்கு நமது மன்றம் தண்ணீர்ப் பந்தல் இடுகிறது. வரும் ஆடியிலும் ஆவணியிலும் மாங்குளம்–முல்லைத்தீவுத் தெருவிலே, கரிப்பட்டமுறிப்பை அடுத்து ஒன்று இடலாம். சுத்திகரித்த நீர், நாலு குடம், ஒரு தென்னோலைக் கொட்டகை. வாரம் இருமுறை நிரப்ப ஒரு லாண்ட்மாஸ்டர். மேற்படி ஆச்சியின் வளவுக்கு ஒரு குடம் தனியாகப் போகவேண்டும். செலவுக் கணக்கைச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.