யாரைத் தாக்கச் சொல்வீர்கள்?

(ஹேவாஹெட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2021 பெப்ரவரி 6ஆம் திகதி, கூகுள் டொட் எல்கே என்று தட்டியவர்களுக்குக் கூகுள் வரவில்லை. வேறொரு பக்கம் வந்து நின்றது. டொட் எல்கே முகவரிகளைப் பதியும் இடத்துக்குள்ளேயே யாரோ புகுந்து வழியைத் திருப்பிவிட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தில் எழுதியிருந்த குறைகளில் ஒன்று எது தெரியுமா? தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் சம்பளம்!

அதற்கு முதல் நாள்தான் 1000 ரூபாய் நாட்சம்பளம் கேட்டு மலையகம் வேலைநிறுத்தம் செய்தது. நீங்கள் கேட்டது ரோட்டில், பகல் வெளிச்சத்தில், முகத்தைக் காட்டிக்கொண்டு. மறுநாள் எவரோ அதே கோரிக்கையை எடுத்து அந்த முகவரிகளில் ஒட்டிவிட்டுப் போனார். கேட்கிறேன்: அன்று பாதுகாப்பு அமைச்சின் கையில் திருப்பித் தாக்கும் சைபர் ஆயுதமும், கேள்வி கேட்பாரில்லாத அதிகாரமும் இருந்திருந்தால், முதல் சந்தேகம் யார்மேல் விழுந்திருக்கும்? எந்தத் தொழிற்சங்கத்தின் கணினிக்குள், எந்த லயத்துப் பிள்ளையின் போனுக்குள் புகுந்திருப்பார்கள்?

அதே 2021இல் இரண்டு சட்டமூலங்களை வரைய அமைச்சரவை அனுமதி கொடுத்தது. ஒன்று சைபர் பாதுகாப்புக்கு. மற்றது பாதுகாப்பு அமைச்சின் சைபர் கட்டளையகத்துக்கு. முதலாவதை நான் எதிர்க்கவில்லை; அது அவசரம்! 2023இல் அரசாங்கத்தின் மின்னஞ்சலுக்குள் கப்பம் கேட்கும் வைரஸ் புகுந்து, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்களைத் தின்று தீர்த்தது. ஏறத்தாழ 5000 முகவரிகள். அமைச்சரவை அலுவலகமும் தப்பவில்லை. பழைய மென்பொருளைப் புதுப்பிக்கவில்லை, ஒழுங்காகப் பிரதி எடுத்து வைக்கவுமில்லை. தன் வீட்டுக் கதவுக்குப் பூட்டுப் போடாதவன் அடுத்த வீட்டுக்குக் கத்தியோடு கிளம்புவதை எந்த ஊரில் பாதுகாப்பு என்பார்கள்?

அப்படியென்றால் ஒரு நாடு தாக்கவே கூடாதா? மழுப்பாமல் சொல்கிறேன், ஒரேயொரு நிலையில் தாக்கலாம். 2015 டிசம்பர் 23இல் உக்ரேன் மின்விநியோகக் கட்டுப்பாட்டு அறையில், ஊழியர் பார்த்துக்கொண்டிருக்கவே திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்து, ஆளிகளை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டது. ஏறத்தாழ 225,000 இணைப்புகளுக்கு மின்சாரம் போனது, அதுவும் குளிர்காலத்தில். அப்படி ஒரு கை நம் மலைக்குக் கீழே விக்டோரியா அணையிலோ, கொத்மலை அணையிலோ நுழைந்து, உயிர்கள் போகும் ஆபத்து அந்த நிமிடமே இருந்தால், வேறு வழியும் இல்லையென்றால், அந்தக் கையை இயக்கும் கணினியை முடக்கட்டும். அதோடு நிற்கட்டும்! பழிவாங்க, மிரட்ட, பாடம் புகட்ட என்று ஒருபோதும் ஆணையிடக்கூடாது.

ஏன் இவ்வளவு கறார்? இந்த ஆயுதம் ஏவியவன் சொல் கேட்பதில்லை. 2017 ஜூனில் உக்ரேனைக் குறிவைத்து ரஷ்ய இராணுவம் ஏவியதென்று பிரித்தானியாவும் அமெரிக்காவும் குற்றஞ்சாட்டிய நொட்பெட்யா வைரஸ், மும்பாய்க்கு அருகில் ஒரு துறைமுக முனையத்தையும் நிறுத்தியது. அதற்கு முந்தின மாதம், அமெரிக்க உளவு நிறுவனத்திடமிருந்து கசிந்த கருவியோடு பரவிய வன்னாகிரை வைரஸ், பிரித்தானிய வைத்தியசாலைகளில் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வைத்தது. அந்த நோயாளிகள் யாருக்கு எதிரி?

இன்னொன்று. 2016 மார்ச் 13இல் நாடு முழுவதும் இருண்டது. சதி என்று பேச்சு எழுந்தது, மின்நிலையங்களுக்கு இராணுவத்தை அனுப்பினார்கள். 2025 பெப்ரவரி 9இல் மறுபடி இருண்டது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலை என்று அமைச்சரே சொன்னார். அந்த முதல் மணித்தியாலத்தில் எதிரி யார் என்று கேட்டிருந்தால், தளபதிகள் ஏதோ ஒரு பெயரைக் கொடுத்திருக்கமாட்டார்களா?

"நெருக்கடி நேரத்தில் நம்புங்கள்" என்பார்கள். தோழர்களே, நாம் நம்பிப் பார்த்தவர்கள்! 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தைத் தற்காலிகம் என்றுதான் கொண்டுவந்தார்கள். 1982இல் அதை நிரந்தரமாக்கினார்கள். விசாரணையின்றிச் சிறையில் கிடந்த தமிழ்ப் பிள்ளைகளின் தாய்மாரிடம் கேளுங்கள், அந்தத் தற்காலிகம் எவ்வளவு நீளமென்று.

ஆகவே சைபர் கட்டளையகம் எந்தப் பெயரில் வந்தாலும் நம் கோரிக்கை இது. தாக்கும் ஆணையைத் தனியொருவர் கொடுக்கக்கூடாது. எதிர்க்கட்சியும் இருக்கும் பாராளுமன்றக் குழு ஆதாரத்தைப் பார்த்து ஒப்பவேண்டும். வைத்தியசாலை, மின்சாரம், குடிநீர் எந்த நாட்டினதாயினும் தொடக்கூடாது. சொந்த நாட்டு மக்கள்மேல், தொழிற்சங்கத்தின்மேல், பத்திரிகைமேல் அந்த ஆயுதம் திரும்பினால் ஆணையிட்டவர் நீதிமன்றக் கூண்டில் ஏறவேண்டும். இவை எழுத்தில் இல்லாத சட்டமூலத்துக்குக் கை தூக்குகிறவர், அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு இந்த ஹேவாஹெட்ட மலை ஏற வேண்டாம்!