வியர்வையும் புதுத் துணியும்



ஈப்போ, சுங்கை சிப்புட் வட்டாரத்தில் முன்பு ரப்பர் மரம் நின்ற தோட்டங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. நாம் உடுத்தும் துணியும் மாறிவிட்டது. பருத்திச் சட்டையின் இடத்துக்குப் பாலியெஸ்டர் சட்டை வந்தது. விலை மலிவு, விரைவில் காயும், கசங்காது. ஆனால், வியர்வை நாற்றம் அதில் தங்கிவிடுகிறது. ‘கிருமி எதிர்ப்புத் துணி’ என்று அச்சிட்ட சட்டைகளும் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றுக்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா? இதைச் சற்று ஆராய்வோம்.

புது வியர்வையில் நாற்றம் அநேகமாக இல்லை. தோலிலும் துணியிலும் வாழும் பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கும்போதுதான் நாற்றம் பிறக்கிறது. 2014-இல் பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகத்தார், உடற்பயிற்சி செய்த 26 பேரின் சட்டைகளைச் சோதித்தார்கள். பருத்தியைவிடப் பாலியெஸ்டரே அதிகம் நாறியது. மைக்ரோகாக்கஸ் என்னும் பாக்டீரியா அதில் செழித்து வளர்ந்திருந்தது.

இதைத் தடுக்க ஆலையில் துணியை மருந்து நீரில் தோய்த்து, உருளைகளுக்கிடையே பிழிந்து, சூட்டில் உலர்த்துகிறார்கள். பாலியெஸ்டர் இழை வழுவழுப்பானது. மருந்து எளிதில் பிடிக்காது. சுவருக்குச் சாயம் பூசுமுன் தேய்த்துவிடுவதுபோல, சில ஆலைகளில் முதலில் காரநீரால் இழையின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குவார்கள். வெள்ளி கலந்த மருந்து சிறிது சிறிதாகக் கசிந்து பாக்டீரியாவைக் கொல்லும். வேறு சில மருந்துகள் இழையிலேயே ஒட்டிநின்று, தன்மேல் படும் பாக்டீரியாவின் மேலுறையைச் சிதைக்கும்.

ஆனால், கசியும் மருந்து ஒருநாள் தீர்ந்துவிடும் அல்லவா? 2008-இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் வெள்ளி சேர்த்த காலுறைகளை நீரில் அலசிப் பார்த்தார்கள். சிலவற்றின் வெள்ளி சில அலசல்களிலேயே நீரோடு போய்விட்டது. ஆகவே, எத்தனை சலவைவரை தாங்கும் என்று சீட்டில் எழுதியிருக்கிறதா எனப் பார்த்து வாங்குவோம். குளோரின் வெளுப்பு நீரை அதில் ஊற்ற வேண்டாம்.

இன்னொன்றும் முக்கியம். இந்தத் துணி நாற்றத்தைக் குறைக்கலாம், நோயைக் குணப்படுத்தாது. படர்தாமரை பூஞ்சையால் வருவது. அது வந்த பிள்ளைக்குப் புதுச் சட்டை மருந்தாகாது. கிளினிக்கில் காட்டி, கொடுத்த மருந்தைச் சொன்ன நாள்வரை பூச வேண்டும். அப்பிள்ளையின் துவாலையை மற்றவர் தொடக் கூடாது.

வேலை முடிந்து வந்ததும் ஈரச் சட்டையைக் குவித்து வைக்காமல், உட்புறத்தை வெளியே திருப்பிச் சவர்க்காரமிட்டுத் துவைத்து, நல்ல வெயிலில் காயப்போடுவோம். இதற்குக் கூடுதல் விலை இல்லை. எந்தத் துணிக்கும் இது பொருந்தும்.