மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள்

(அறக்கட்டளை நடத்திய மகளிர் மருத்துவ முகாமில் செயலாளர் ஆற்றிய உரை)



என் தவறு ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் லாத்தாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. "கட்டி சிறியதுதான். கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுக்கலாம், இல்லை, மார்பகத்தையே எடுத்துவிடலாம்" என்றார் மருத்துவர். நான் முந்திக்கொண்டு, "முழுசா எடுத்துடுங்க டாக்டர்" என்றேன். மச்சானும் தலையாட்டினார். லாத்தாவை யாரும் கேட்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ், இன்று நலமாக இருக்கிறார். ஆனால் ஒரு நாள், "என் உடம்புடா. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார். என்னிடம் பதில் இல்லை.

பிறகுதான் அறிந்துகொண்டேன். ஆரம்ப நிலையில் இந்த இரண்டு முறைகளிலும் உயிர் பிழைத்திருக்கும் வாய்ப்பு ஒன்றுதான். இத்தாலியிலும் அமெரிக்காவிலும் நோயாளிகளை 20 ஆண்டுகள் கவனித்து, 2002இல் வெளியிட்ட ஆய்வுகள் இதை உறுதிசெய்தன. ஆனால் கட்டி பெரிதாகவோ பல இடங்களிலோ இருந்தால் மார்பகத்தை எடுக்க வேண்டி வரலாம். உங்களுக்கு எது பொருந்தும் என்பது கேட்டால்தான் தெரியும்.

ஆகவே இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்:

1. நோய் எந்த நிலையில் இருக்கிறது? அக்குள் நெறிக்கட்டிகளுக்குப் பரவியிருக்கிறதா?

2. ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 பரிசோதனை முடிவு என்ன? ஹார்மோன் மாத்திரையா, வேறு மருந்தா என்பது இதைப் பொறுத்தது.

3. மார்பகத்தைக் காப்பாற்ற முடியுமா? கதிர்வீச்சுக்கு எத்தனை வாரம் வர வேண்டும்? வெளியூர்க்காரர்கள் தங்குமிடத்தையும் யோசிக்க வேண்டும்.

4. கீமோதெரபி உண்டா? அறுவைக்கு முன்பா, பின்பா? இனிக் குழந்தை வேண்டுமென்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

5. செலவு எவ்வளவு? முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேருமா?

சாப்பிடும் நாட்டு மருந்தை மறைக்காதீர்கள். நோன்பு வைப்பதைப் பற்றியும் கேளுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. பரிசோதனையின்போது பெண் செவிலியர் உடனிருக்கக் கேட்பதில் தவறில்லை. யோசிக்கச் சில நாள் அவகாசம் கேளுங்கள், மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள்.

ஆண்களே, மஷூரா செய்யாமல் கல்யாணத் தேதிகூடக் குறிக்க மாட்டோம். இந்த மஷூராவில் முதல் வார்த்தை அந்தப் பெண்ணுடையதாக இருக்கட்டும். நாம் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்வோம்.

துணைக்கு ஆள் இல்லாதவர்கள் நம் அலுவலகத்தில் சொல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், பெண் தொண்டர் ஒருவர் உடன் வருவார்.

வஸ்ஸலாம்.