உபகாரச் சம்பளம் பிச்சையா?

(மாணவர், பெற்றோர் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பு வாசிக்கும் பிள்ளைகள், காலேஜில் சேருவதற்கு உபகாரச் சம்பளம் கேட்டு விண்ணப்பம் போடுவதைப் பற்றிப் பேச வந்திருக்கின்றேன். ஒரு காகிதத்தைப் பூர்த்தி செய்வதற்கு ஒரு கூட்டமா என்று சிலர் நினைக்கலாம். அந்த ஒரு காகிதம் சரியாக இல்லாமற்போன காரணத்தால், நல்ல மார்க்கு வாங்கிய பிள்ளைகள் பனியன் கம்பெனிக்கும் நூல் மில்லுக்கும் போய்விடுகின்றார்கள். ஆகவே இது பெரிய சங்கதியேயாகும்.

முதலில் ஒரு கூச்சத்தைப் போக்கியாக வேண்டும். “பிறரிடம் போய்க் கையேந்துவதா? மானத்தோடு இருப்பவர்கள் செய்யக்கூடிய காரியமா?” என்று கேட்கின்ற பெற்றோர்கள் இருக்கின்றார்கள். அவர்களை நான் ஒன்று கேட்கின்றேன். நீங்கள் கடையில் சோப்பு வாங்குகின்றீர்களே, செருப்பு வாங்குகின்றீர்களே, அதன் விலைக்குள் சர்க்காருக்குப் போகும் வரி இருக்கின்றதா இல்லையா? கோடீசுவரனும் கூலிக்காரனும் ஒரு சோப்புக்கு ஒரே வரிதான் கொடுக்கின்றார்கள். கொடுக்கும்போது அது பிச்சையில்லை என்றால், அதில் ஒரு பங்கு உங்கள் பிள்ளையின் படிப்புக்குத் திரும்பி வரும்போது மாத்திரம் பிச்சையாகிவிடுமா?

இன்னொன்றும் பாருங்கள். உபகாரச் சம்பளம் புதிதாக முளைத்ததல்ல. விழுப்புரம் பக்கத்து எண்ணாயிரத்தில் 11-ஆம் நூற்றாண்டு இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கின்றது. அங்கே வேதமும் சாஸ்திரமும் வாசித்த 340 மாணவர்களுக்கும் அவர்களுடைய உபாத்தியாயர்களுக்கும் நெல் அளந்து கொடுக்க ஏற்பாடு செய்ததை அது சொல்லுகின்றது. அந்த நெல்லை விளைவித்தவன் யார்? உழவன். அவனுடைய பிள்ளைக்கு அந்தப் படிப்பில் இடமுண்டா? இல்லை. அன்று அதை வாங்கிச் சாப்பிட்டுப் படித்தவர்களை யாரும் பிச்சைக்காரர் என்று சொல்லவில்லை. வித்துவான்கள் என்றே சொன்னார்கள். இன்று உழவன் பிள்ளை கேட்கும்போது மட்டும் மானம் போய்விடும் என்பது எந்த ஊர் நியாயம்?

உபகாரச் சம்பளம் ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதற்கு டாக்டர் அம்பேத்கர் அவர்களைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. 1913-இல் பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் அவருக்கு மாதம் 11½ பவுன் வீதம் 3 வருஷத்துக்கு உதவி கொடுத்து, அமெரிக்காவில் கொலம்பியா சர்வகலாசாலைக்கு அனுப்பினார். திரும்பி வந்து பரோடாவில் 10 வருஷம் வேலை பார்க்க வேண்டும் என்பது ஒப்பந்தம். அந்தப் பணத்தில் அவர் படித்தது அரசாங்கத்தின் வரவு செலவும், சமுதாயத்தின் அமைப்பும். பின்னர் லண்டனில் படித்துக்கொண்டிருக்கையில், 1917-இல் உதவியின் காலம் முடிந்துபோகவே படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பும்படியாயிற்று. மறுபடியும் பணம் சேர்த்துக்கொண்டு 1920-இல் போய்த்தான் அங்கே படிப்பை முடித்தார். அவருக்கே பணம் நின்றவுடன் படிப்பு நின்றது என்றால், நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு “புத்தி இருந்தால் எப்படியும் முன்னுக்கு வந்துவிடுவான்” என்று சொல்வது எவ்வளவு வீண் பேச்சு!

அன்று ஒரு மன்னரின் தயவு வேண்டியிருந்தது. பிறகு அது சட்டதிட்டமாயிற்று. தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவர்களுக்குப் பள்ளிக்கு மேற்பட்ட படிப்புக்கு உபகாரச் சம்பளம் 1944-இல் ஏற்பட்டது. நமது நாட்டில் 2010-இல், குடும்பத்தில் முதன்முதல் பட்டப்படிப்புக்குப் போகும் பிள்ளைக்குத் தொழிற்கல்விக் கட்டணச் சலுகை ஏற்பட்டது. சர்க்கார் பள்ளியில் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை வாசித்தவர்களுக்கு வைத்தியப் படிப்பில் 7.5 சதவீத இடம் 2020-இலும், இஞ்சினீயரிங் முதலிய படிப்புகளில் அவ்விதமே 2021-இலும் ஒதுக்கப்பட்டது. 2022-இல் புதுமைப் பெண் திட்டமும், 2024-இல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1000 ரூபாய் என்று ஆரம்பமாயின. சர்க்கார் பள்ளியில் பதினோராவது வாசிப்பவர்களுக்கு 2023-இல் ஏற்பட்ட முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வு, 500 ஆண்களும் 500 பெண்களுமாக 1000 பேரைத் தெரிந்தெடுத்துப் பட்டம் முடியுமட்டும் வருஷம் 10,000 ரூபாய் கொடுப்பதென்று அமைந்தது. பன்னிரண்டாவதில் நல்ல மார்க்கு எடுத்த ஏழைப் பிள்ளைகளுக்கு மத்திய சர்க்காரின் உதவியும் உண்டு. இவற்றின் விதிகள் மாறக்கூடியவை. ஆகையால் போன வருஷத்து அண்ணன் சொன்னதை நம்பாமல், அந்தந்த வருஷத்து அறிவிப்பையே வாசித்துப் பாருங்கள்.

இவ்வளவு கதவுகள் இருந்தும் பிள்ளைகள் வெளியே நிற்பானேன்? மார்க்கு குறைவு என்பதற்காக மாத்திரமல்ல. பள்ளிக்கூடத்தில் “மு. செல்வி” என்றிருக்கும், ஆதாரில் “செல்வி முருகன்” என்றிருக்கும், பாங்கிக் கணக்கில் “செல்வி” என்று மட்டும் இருக்கும். கம்ப்யூட்டருக்கு இவர்கள் மூன்று பேர். கணக்கில் ஆதார் எண் சேர்க்கப்படாதிருந்தால் பணம் வந்து சேராது. ரகசிய எண் வருகின்ற கைப்பேசியோ, கடன் தொல்லைக்குப் பயந்து தகப்பனார் தூக்கிப்போட்ட பழைய நம்பராயிருக்கும். வருமானச் சான்று காலங்கடந்ததாயிருக்கும். முதல் வருஷம் பணம் வந்தது, இரண்டாவது வருஷம் புதுப்பிக்க வேண்டும் என்பது தெரியாது. இவற்றில் எதற்காவது பெரிய அறிவு வேண்டுமா? ஆறு மாதம் முந்திக்கொண்டால் போதும்.

ஆகவே மாணவத் தோழர்களே! பன்னிரண்டாவது வகுப்பு ஆரம்பித்தவுடனே சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் மனுப் போட்டுவிடுங்கள். மூன்று இடத்திலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் பெயரிலேயே பாங்கிக் கணக்கு வையுங்கள். கொடுத்த ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு நகல், ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் அதன் எண், ஒரு நோட்டில் இருக்கட்டும்.

இவ்விடத்தில் ஒரு தோழர் கேட்கலாம். “சாதி ஒழிய வேண்டுமென்கிறவர்கள் சாதிச் சான்று வாங்கச் சொல்லலாமா?” என்று. வைத்தியரிடம் போனால் காயத்தைத் துணியால் மூடிக்கொண்டா மருந்து கேட்பது? காட்டினால்தான் கட்டுப் போடுவார். காயத்தைக் காட்டுகிறவன் காயத்தை விரும்புகிறவன் ஆகமாட்டான். ஆறிய பிறகு கட்டை அவிழ்த்து எறியலாம். ஆறுமுன் எறியச் சொல்லுகின்றவர் யாரென்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் சிலர் நல்ல நாள் பார்த்து விண்ணப்பம் போடுகின்றார்கள். அஷ்டமி நவமி போகட்டும், அமாவாசை கழியட்டும் என்று தள்ளித்தள்ளிக் கடைசி நாளில் மையத்துக்குப் போனால், அன்று ஊரார் எல்லோரும் அங்கேயே நிற்பார்கள்; கம்ப்யூட்டரும் நகராது. கெடு முடிந்த பிறகு எந்தக் கிரகமும் வந்து அந்தக் கதவைத் திறக்காது. அறிவிப்பு வந்த முதல் வாரமே நல்ல நேரம். வேறு நல்ல நேரம் கிடையாது.

தனியார் தருமஸ்தாபனங்களுக்கு எழுதும்போது இன்னொரு தவறு நடக்கின்றது. “தாங்களே தெய்வம், தங்கள் பாதமே கதி” என்று எழுதுகின்றார்கள். அப்படி எழுத வேண்டாம். தகப்பனார் என்ன வேலை, மாதம் என்ன வருமானம், நான் என்ன படிக்க விரும்புகின்றேன், ஏன், வருஷத்துக்கு என்ன செலவு, எவ்வளவு கையில் இருக்கிறது, எவ்வளவு குறைகிறது என்று ஒரு பக்கத்தில் உள்ளது உள்ளபடி எழுதுங்கள். அழுகையைவிடக் கணக்குக்கு மதிப்பு அதிகம். உதவி வாங்கித் தருகின்றேன், முன்பணம் கொடு என்கிறவனை வாசலோடு அனுப்பிவிடுங்கள். சர்க்காரின் உபகாரச் சம்பளத்துக்கு மனுப் போட யாருக்கும் கமிஷன் கொடுக்க வேண்டியதில்லை.

தாய்மார்களே! பெண் பிள்ளைக்கு இந்த மாதம் 1000 ரூபாய் ஒரு பெரிய தொகையா என்று கேட்கலாம். அது பஸ் சார்ஜுக்கும் புத்தகத்துக்கும் மட்டுமல்ல. அவள் பெயரில் உள்ள கணக்கில் அவளுக்கென்று விழும் முதல் பணம் அதுவாகும். “படிக்க வைக்க வசதியில்லை, கலியாணத்தை முடித்துவிடலாம்” என்று வீட்டில் பேச்சு வரும்போது, வசதி இருக்கிறது என்று பாஸ் புத்தகத்தை எடுத்துக் காட்ட அவளுக்கு ஒரு வழி. கலியாணத்துக்கு வாங்கும் கடனுக்கு எவ்வளவு அலைகின்றோம்! அதில் நாலில் ஒரு பங்கு அலைச்சல் இதற்கு அலைந்தால் போதாதா?

முடிவாக, இந்த வேலையைப் பிள்ளைகளின் தலையில் மட்டும் போட்டுவிட முடியாது. ஊருக்கு ஊர் வாசகசாலை வைத்திருக்கின்றீர்கள். அங்கே பேப்பர் படித்து விவாதம் செய்வது நல்லதுதான். அதன் சுவரில் ஒரு பலகையில் எந்த உதவி, யாருக்கு, கடைசித் தேதி என்ன என்று எழுதிவையுங்கள். அந்த ஊரில் பன்னிரண்டாவது வாசிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர், யார் மனுப் போட்டார், யார் போடவில்லை என்று இரண்டு வாலிபர்கள் வீடு வீடாகப் போய்க் கேளுங்கள். முன்னமே வாங்கிப் படிக்கின்றவர் புதிதாகக் கேட்கிறவருக்கு எழுதிக் கொடுங்கள். ஏழையாய்ப் பிறந்தது தலையெழுத்து என்று சொல்லிக்கொண்டிருந்தால் ஒன்றும் நடவாது. விண்ணப்பத்தில் உள்ள எழுத்தை நாமே எழுதலாம், தப்பிருந்தால் திருத்தலாம். இந்த வருஷம் உங்கள் ஊரில் ஒரு பிள்ளைகூட, காகிதம் இல்லை என்ற காரணத்துக்காகப் படிப்பை நிறுத்தவில்லை என்று அடுத்த கூட்டத்தில் நீங்கள் எழுந்து சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, எனது பேச்சை முடித்துக்கொள்ளுகின்றேன்.