மருத்துவக் கல்லூரியின் வாயில்



கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் செல்லும் சாலையில் துடியலூர் இருக்கிறது. அங்கிருந்து மேற்கே சென்றால் தடாகம், அதற்கும் அப்பால் இருளர் மக்கள் வாழும் ஆனைகட்டி மலைப்பகுதி. கோவை நகரிலோ 1966ஆம் ஆண்டு முதல் அரசு மருத்துவக் கல்லூரி நடைபெற்று வருகிறது. துடியலூரிலிருந்து அது சிறிது நேரப் பேருந்துப் பயணந்தான். ஆயினும் அரசுப் பள்ளியில் படிக்கும் மில் தொழிலாளியின் மகளுக்கு அத்தொலைவு எத்துணை நெடியது!

மருத்துவக் கல்லூரியின் வாயில் யாருக்குத் திறக்க வேண்டும் என்ற வினா புதியதன்று. அந்நாளைய சென்னை இராச்சியத்தில், வகுப்புவாரி ஆணை ஒவ்வொரு 14 இடங்களையும் பல சமூகத்தாருக்கும் பங்கிட்டுத் தந்தது. சண்பகம் துரைராசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1951ஆம் ஆண்டு ஏப்ரல் 9 அன்று, அவ்வாணை செல்லாது என்றது. தமிழகத்தில் கிளர்ச்சி எழுந்தது. அவ்வாண்டிலேயே அரசியலமைப்பு முதன்முறையாகத் திருத்தப்பட்டது; பின்தங்கியோர் முன்னேற்றத்திற்குத் தனி ஏற்பாடு செய்ய அரசுக்கு வழி பிறந்தது.

2017 முதல் தமிழகத்தில் நீட் தேர்வு நடைமுறைக்கு வந்தது. பணம் செலுத்திப் பயிற்சி பெற இயலாத அரசுப் பள்ளி மாணவருள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே இடம் பெற்றனர். நீதியரசர் கலையரசன் ஆணையம் இந்நிலையை ஆராய்ந்தது. 2020 செப்டம்பரில், அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு இடங்களை ஒதுக்கும் மசோதாவைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. ஆளுநரின் இசைவு ஒரு மாதத்துக்கு மேலாகியும் கிடைக்கவில்லை. அக்டோபர் 29 அன்று அரசே ஆணை பிறப்பித்தது. மறுநாள் இசைவும் வந்தது. அவ்வாண்டில் முந்நூறுக்கு மேற்பட்ட எம்.பி.பி.எஸ். இடங்கள் அம்மாணவருக்கெனக் கிடைத்தன.

இதனால் தகுதி குறையாதா என்று சிலர் கேட்டனர். பிற பள்ளி மாணவரின் வாய்ப்புக் குறைகிறதே என்று வழக்கும் தொடுத்தனர். அக்கேள்விகளை இகழ்ந்து ஒதுக்குதல் முறையன்று. ஆயின், இவ்வொதுக்கீட்டில் சேர்பவரும் நீட் தேர்வில் தேறியவரே. கல்லூரியில் எல்லோரும் எழுதும் தேர்வுகளையே எழுதித் தேறுபவரே. தொடங்கிய இடம் வேறு. அடைய வேண்டிய இடம் ஒன்றே. மேலும், நோயாளியின் பேச்சையும் அச்சத்தையும் அறிந்துகொள்வதும் மருத்துவரின் தகுதியன்றோ? பல வகை வீடுகளிலிருந்தும் வருவோர் ஒருங்கே பயிலும் வகுப்பில் அவ்வறிவு எல்லோருக்கும் வளரும்.

2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் இச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அரசுப் பள்ளிகளின் தரத்தை உயர்த்த வேண்டும் என்றும் கூறியது. அதுவே நாம் மறத்தலாகாத கடமை. ஒதுக்கீடு வாயிலைத் திறக்கும். அவ்வாயில் வரை நடந்து செல்லும் வலிமையை நல்ல பள்ளியே தரும். துடியலூர்ச் சிறுமிக்கு இவ்விரண்டும் வேண்டும்.